கமிலா யார்?

2025 ஜனவரியில் டேவிட் லிஞ்ச் மறைந்த செய்தி வந்த சில நாட்களில், எங்கள் இலக்கிய வட்டத்து நண்பர்கள் அவருடைய 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் திரையிட்டார்கள். பதினைந்து பேர் இருந்திருப்போம். நான் அதை மூன்றாம் முறையாகப் பார்க்கிறேன்; பலருக்கு அது முதல் முறை. படம் முடிந்ததும் வழக்கம்போல விளக்கங்கள் தொடங்கின. நீலப் பெட்டி நனவிலி மனம் என்றார் ஒருவர். நீலச் சாவி குற்றவுணர்வு என்றார் இன்னொருவர். கௌபாய் விதி, முதிய தம்பதி மனசாட்சி, உணவகத்தின் பின்னால் வாழும் கரிய உருவம் தீமை என்று பட்டியல் நீண்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்று அதிகம் பேசியவன் நான்தான். இருபது ஆண்டுகளாகத் தமிழிலக்கியம் கற்பிக்கிறவனுக்குக் குறியீடு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமலே வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவான்.

எல்லாம் ஓய்ந்தபோது, சங்க அகப்பாடல்களில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, பெட்டிக்கும் சாவிக்கும்கூடப் பொருள் சொல்லிவிட்டீர்கள். கொலையுண்டவள் கமிலா. அவள் யார்? அவளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?"

எனக்குப் பதில் இல்லை. மூன்று முறை பார்த்த படத்தில், யாருடைய சாவைச் சுற்றி எல்லாம் சுழல்கிறதோ அவளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் படத்தின் பாத்திரங்களை நாம் வாசிக்கும் முறையிலேயே ஏதோ ஒரு பிழை இருக்கிறது என்ற எண்ணம் அன்றிரவு தோன்றியது. அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

*

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். முடிவை முன்னரே அறிய விரும்பாதவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு வந்து தொடரலாம்.

ஹாலிவுட் குன்றுகளின் மேல் செல்லும் மல்ஹாலண்ட் டிரைவ் என்னும் சாலையில், இரவில், ஒரு நீண்ட கார் நிற்கிறது. பின்னிருக்கையில் இருக்கும் கருங்கூந்தல் அழகியைச் சுட ஓட்டுநர் துப்பாக்கியை நீட்டுகிறான். அக்கணம் எதிரே வெறித்தனமாக வந்த வேறொரு வண்டி மோதுகிறது. அவள் மட்டும் பிழைத்து, நினைவிழந்து, நகரத்திற்குள் இறங்கி ஓர் அடுக்கு வீட்டில் ஒளிந்துகொள்கிறாள். அவ்வீட்டுக்குரியவரின் மருமகள் பெட்டி, நடிகையாகும் கனவோடு கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள டீப் ரிவர் என்ற ஊரிலிருந்து வந்து சேர்கிறாள். பெயர் கேட்டதும் கருங்கூந்தற்காரி சுவரில் கண்ட 'கில்டா' படச் சுவரொட்டியிலிருந்து ரீட்டா ஹேவொர்த்தின் முதற்பெயரைத் தன் பெயராகச் சொல்கிறாள். அவள் கைப்பையில் கட்டுக்கட்டாகப் பணமும் ஒரு விநோதமான நீலச் சாவியும் இருக்கின்றன. இரு பெண்களும் அவள் யாரென்று தேடுகிறார்கள், தேடலில் காதலர்களாகிறார்கள். இதற்கு இணையாக, ஆடம் என்ற இயக்குநரைக் குற்றக்கும்பல் ஒன்று தன் படத்தில் கமிலா ரோட்ஸ் என்ற பொன்னிறக் கூந்தற்காரியைக் கதாநாயகியாக்கச் சொல்லி மிரட்டுகிறது.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஒரு நீலப் பெட்டி திறக்கிறது, எல்லாம் மாறிவிடுகிறது. பெட்டியாக நாம் கண்ட நவோமி வாட்ஸ் இப்போது டயான் செல்வின்: தோற்றுப்போன, கசந்துபோன துணைநடிகை. ரீட்டாவாகக் கண்ட லாரா ஹாரிங் இப்போது கமிலா ரோட்ஸ்: புகழ்பெற்ற நடிகை, டயானின் காதலி, இப்போது இயக்குநர் ஆடமை மணக்கவிருப்பவள். தாங்க முடியாத டயான் ஒரு கூலிக்கொலையாளியைப் பிடித்துக் கமிலாவைக் கொல்லச் செய்கிறாள். பிறகு தன்னையும் சுட்டுக்கொள்கிறாள்.

முதற்பகுதி டயானின் கனவு, பிற்பகுதி நனவும் நினைவும் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நானும் அதை ஏற்கிறேன். தொடக்கத்திலேயே கேமரா ஒரு தலையணையை நோக்கித் தாழ்கிறது. கனத்த மூச்சொலி கேட்கிறது. அதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை. ஆனால் கனவு என்று கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து, கனவிலுள்ள ஒவ்வொன்றுக்கும் அகராதி தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோமே, அதில்தான் எனக்கு இப்போது உடன்பாடில்லை.

*

அகப்பாடல் கற்பிக்கும் எவரும் மாணவரிடம் முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதுதான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா? அதைத் தீர்மானிக்காமல் பாடலிலுள்ள எருமைக்கும் ஆம்பலுக்கும் பொருள் சொல்ல முடியாது. தொல்காப்பியர் உவமவியலில் இதை இலக்கணமாகவே வகுத்துவிட்டார்: தலைவி கூறும் உள்ளுறை அவள் அறிந்த பொருள் அளவில் நிற்க வேண்டும், தோழி தன் நிலத்திலுள்ள பொருள்களைத் தாண்டிச் செல்லலாகாது. படிமம் என்பது வானத்தில் தொங்கும் பொதுச்சொத்து அன்று. சொல்பவருடைய அறிவுக்கும் தேவைக்கும் கட்டுப்பட்டது என்பதே இதன் சாரம்.

ஒரு மேற்கத்தியப் படத்தின் மீது தமிழ் இலக்கணத்தை வலிந்து ஏற்றுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கடன் வாங்குவது ஒரு கேள்வியை மட்டுமே. இக்கனவு யார் கூற்று? ஒரு கொலையைச் செய்வித்துவிட்டு, அது நிறைவேறியதற்கு அடையாளமான சாவியைத் தன் மேசைமேல் கண்டுவிட்ட பெண்ணின் கூற்று. எனவே ஒவ்வொரு பாத்திரத்திடமும் நாம் கேட்க வேண்டியது 'நீ எதைக் குறிக்கிறாய்' என்றல்ல. 'உன்னை இவள் எதற்காகப் படைத்தாள்' என்று கேட்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தோடு படத்தை மீண்டும் பார்த்தால், அகராதியில் இருந்த சொற்கள் அனைத்தும் வாக்குமூலங்களாக மாறிவிடுகின்றன.

எளியவற்றிலிருந்து தொடங்குவோம். நனவில் ஆடமின் தாயான கோகோ, விருந்தில் டயானைப் பார்த்து இரக்கத்தோடு கையைத் தட்டிக்கொடுக்கிறாள். அந்த இரக்கம் டயானுக்குப் பொறுக்கவில்லை. கனவில் அவளை வாயிலில் நின்று தன்னை வரவேற்கும் குடியிருப்பு மேலாளராக ஆக்கிவிடுகிறாள். தன் மணமுறிவில் நீச்சல்குளம் தனக்கும் அதைப் பராமரிப்பவன் மனைவிக்குமாகப் பங்கு பிரிந்ததென்று ஆடம் விருந்தில் வேடிக்கையாகச் சொல்கிறான். கனவில் அதே வேடிக்கை அவனுக்குத் தண்டனையாகிறது: மனைவி அந்தப் பணியாளோடு படுக்கையில் இருப்பதைக் கண்டு, அடிபட்டு, தன் வீட்டிலிருந்தே துரத்தப்படுகிறான். டயானின் அத்தை நனவில் இறந்துவிட்டார்; கனவில் அவர் படப்பிடிப்புக்காகக் கனடா சென்றிருக்கிறார், அவ்வளவுதான். டயானுக்கு வாய்ப்பு மறுத்த பாப் புரூக்கர் என்ற இயக்குநர், கனவில் பெட்டியின் நடிப்புச் சோதனையில் உட்கார்ந்து பொருளற்ற சொற்களை உதிர்க்கும் அரைக்கிறுக்கராகிறார். கூலிக்கொலையாளி ஒரு கோமாளி: ஒருவனைக் கொல்லப்போய், கைதவறி அடுத்த அறைப் பெண்ணையும், அங்கே வந்த துப்புரவுத் தொழிலாளியையும் கொல்ல வேண்டியதாகிறது. அக்காட்சியில் நாம் சிரிக்கிறோம். டயானுக்கு வேண்டியதும் அதுதான். இவ்வளவு கைகூடாதவன் எப்படிக் கமிலாவைக் கொன்றிருக்க முடியும்?

இவையெல்லாம் பலர் கவனித்தவைதாம். மூன்று பேரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

*

முதலாவது, பெட்டி. நல்லவள், ஒளிமிக்கவள், உதவும் மனம் கொண்டவள். டயான் இழந்துவிட்ட களங்கமின்மையின் குறியீடு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? விங்கீஸ் என்ற உணவகத்தில் டயான் கொலைக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு வரும் பணிப்பெண்ணின் சட்டையில் 'பெட்டி' என்ற பெயர்ப்பட்டை இருக்கிறது. டயான் நிமிர்ந்து அதைப் பார்க்கிறாள். தன்னைக் குழந்தையைப் போலத் தூயவளாகக் கற்பனை செய்துகொள்ளும்போது அவளுக்குக் கிடைத்த பெயர், கொலையைப் பேசி முடித்த மேசையில் கிடைத்த பெயர். கனவில் அதே உணவகப் பணிப்பெண்ணின் பெயர்ப்பட்டையில் 'டயான்' என்றிருக்கிறது. குற்றவாளியின் பெயரை யாரோ ஓர் அந்நியப் பெண்ணின் சட்டையில் குத்திவிட்டுத் தான் எழுந்து போய்விட்டாள். பெட்டி, களங்கமின்மை அல்ல. களங்கமின்மைக்காகத் தயாரிக்கப்பட்ட போலி ஆவணம்.

ஆயினும் லிஞ்ச் அவளைப் போலியாக மட்டும் விட்டுவிடவில்லை. நடிப்புச் சோதனைக்கு முன் பெட்டியும் ரீட்டாவும் வீட்டில் ஒத்திகை பார்க்கிறார்கள். மலிவான நாடகத்தனமான வசனம். ஒரு பெண் தன்னை ஆட்டிப்படைக்கும் ஆணிடம், போய்விடு, இல்லையேல் கொன்றுவிடுவேன் என்கிறாள். பெட்டி அதைச் சாதாரணமாகப் பேசிவிட்டு, ரீட்டாவோடு சேர்ந்து சிரிக்கிறாள். உண்மையான சோதனையில் அதே வசனத்தைக் கிசுகிசுப்பாக, விழைவும் வெறுப்பும் பிரிக்க முடியாதபடி கலந்து பேசுகிறாள். அறையே உறைந்துபோகிறது. நவோமி வாட்ஸின் அந்தச் சில நிமிடங்களைத் திரையில் நான் கண்ட மிகச்சிறந்த நடிப்புகளுள் ஒன்றாகச் சொல்வேன். அங்கே என்ன நிகழ்கிறது? கனவு எவ்வளவு முயன்றும் மறைக்க முடியாமல், கொலை நடிப்பின் வழியாகக் கசிந்து வெளியே வருகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதற்காகப் பாராட்டும் பெறுகிற ஒரே இடம் கலைதான் என்பதைப் போல.

இரண்டாவது, விங்கீஸ் உணவகத்தில் தன் கனவைச் சொல்லும் டான் என்ற மனிதன். இவ்வுணவகத்தின் பின்புறம் ஓர் உருவம் இருப்பதாகவும், அந்த முகத்தைக் கனவுக்கு வெளியே ஒருபோதும் காணக்கூடாதென்றும் சொல்லி நடுங்குகிறான். பட்டப்பகலில் அங்கே நடந்து செல்கிறான், அந்த முகம் வெளிப்படுகிறது, அச்சத்தால் சரிகிறான். கதையோடு எவ்வகையிலும் ஒட்டாத காட்சி இது. அவ்வுருவம் எதன் குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் டானைப் பார்க்கச் சொல்கிறேன். படத்தின் இறுதிப்பகுதியில், டயான் கொலைக்கு விலை பேசிவிட்டு நிமிரும்போது, பணம் செலுத்துமிடத்தருகே நின்று ஒருவன் அவளைப் பார்க்கிறான். அது டான். இரு அந்நியர்களின் கண்கள் ஒரு கணம் சந்தித்துக்கொண்டன, அவ்வளவே நடந்தது. அவன் எதையும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் குற்றம் செய்தவருக்குப் பார்த்தவர் அனைவரும் சாட்சிகள். சாட்சி கனவில் இருக்கக்கூடாது. ஆகவே அச்சத்தால் சரிய வேண்டும். உணவகத்தின் பின்னால் வாழும் அந்தக் கரிய உருவத்திற்கு இதற்குப் பிறகு தனியாக ஒரு பொருள் தேவைப்படவில்லை. அது வாழும் இடமே அதன் பொருள். நிலத்தை வைத்துக் கருப்பொருளை வாசிக்கப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

*

மூன்றாவது, ரீட்டா. மாணவியின் கேள்விக்கு நான் விடை தேடத் தொடங்கியது இங்கேதான்.

டயான் தன் கனவில் கமிலாவை இரண்டாகப் பிளக்கிறாள். 'கமிலா ரோட்ஸ்' என்ற பெயரை எடுத்து, விருந்தில் கமிலாவை முத்தமிட்ட ஒரு பொன்னிறக் கூந்தற்காரியின் முகத்தில் ஒட்டுகிறாள். தகுதியின்றி, குற்றக்கும்பலின் மிரட்டலால் வாய்ப்பைப் பெறுபவள் அவள். டயானின் வெறுப்பு முழுவதும் அந்தப் பெயருக்குப் போய்விடுகிறது. அந்தக் கும்பல் புகைப்படத்தை நீட்டி 'இந்தப் பெண்தான்' என்கிறது. நனவில் டயான் கொலையாளியிடம் கமிலாவின் படத்தைக் கொடுத்துச் சொன்னதும் அதே சொற்கள். ஒருத்தியைக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுக்கும் வாக்கியமும் அவளைச் சாகடிக்கத் தேர்ந்தெடுக்கும் வாக்கியமும் ஒன்றே.

மீதமிருப்பது கமிலாவின் உடல். அதை டயான் தனக்கு வைத்துக்கொள்கிறாள். ஆனால் எப்படிப்பட்ட உடல்? நினைவற்றது. பெயரற்றது. கடந்த காலம் இல்லை. எனவே வேறு காதலர் இல்லை. தொழில் இல்லை, எனவே போட்டி இல்லை. விருப்பம் என்று எதுவும் இல்லை. அஞ்சி நடுங்கித் தன் தோளில் சாய்வதைத் தவிர. பெட்டியின் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறாள், பெட்டியின் முடிவுகளையே பின்பற்றுகிறாள். ஒரு கட்டத்தில் பெட்டியைப் போலவே பொன்னிறப் பொய்க்கூந்தலை அணிந்து கண்ணாடி முன் நிற்கிறாள். இதற்குப் பிறகே அவர்களுடைய காதற்காட்சி வருகிறது. அக்காட்சியின் மென்மையை மறுக்கவில்லை. ஆயினும் நான்காம் முறை பார்த்தபோது அது எனக்குள் அச்சத்தையே எழுப்பியது. தன் காதலியிடமிருந்து அவளை அவளாக ஆக்கும் அனைத்தையும் நீக்கிய பிறகுதான் டயானால் அவளால் நேசிக்கப்படுவதாகக் கற்பனை செய்ய முடிகிறது.

கொலை என்பதும் அதுதானே? ஒரு மனிதரிடமிருந்து அவருடைய நினைவை, விருப்பத்தை, எதிர்காலத்தை நீக்குதல். டயான் கனவில் கொலையைத் திருத்தி எழுதுகிறாள் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்: சுடவிருந்த கணத்தில் விபத்து நேர்கிறது, காதலி பிழைத்துவிடுகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கொலையைத் திருத்தவில்லை. அதே கொலையை அன்பின் மொழியில் மீண்டும் ஒருமுறை செய்கிறாள். ரீட்டாவின் கைப்பையிலுள்ள பணக்கட்டுகளும் நீலச் சாவியும் அதற்குச் சான்று. நனவில் பணம் டயானின் பையிலிருந்து கொலையாளிக்குப் போனது, சாவி கொலையாளியிடமிருந்து டயானுக்கு வந்தது. கனவில் இரண்டையும் கொலையுண்டவளின் பையிலேயே போட்டு, இது என்னவென்று அவளையே கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவிருந்தால் சொல்லியிருப்பாள்.

*

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

இப்படத்தின் பெரும்பகுதி 1999இல் ஏபிசி தொலைக்காட்சிக்கான தொடரின் முன்னோட்டப் படமாக எடுக்கப்பட்டது. நிறுவனம் அதை நிராகரித்தது. பின்னர் பிரெஞ்சு முதலீடு கிடைக்க, லிஞ்ச் புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்துத் திரைப்படமாக்கினார். 2001இல் கான் விழாவில் ஜோயல் கோயனோடு சிறந்த இயக்குநர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அப்படியானால் எடுக்கும்போது கனவாகவே இல்லாத ஒன்றைக் கனவென்று வாசிப்பது பிழையல்லவா? அல்ல என்றே நினைக்கிறேன். தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் வேறு வேறு காலத்துப் பாடல்களை அருகருகே வைத்ததால் எழும் பொருளை நாம் மறுப்பதில்லை. ஒரு தொடருக்கான பாத்திரங்கள் கைவிடப்பட்ட பிறகு, அவர்கள் ஏன் இருந்தார்கள் என்ற கேள்விக்கு லிஞ்ச் கண்ட விடை, அவர்களை ஒருத்தி கனவு கண்டாள் என்பது. ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் துப்பறியும் காவலர்கள் போன்ற சில, எந்த விளக்கத்திலும் அடங்காமல் நிற்கின்றன. நிற்கட்டும்.

இரண்டாம் மறுப்பு கனமானது. நீங்கள் டயானைக் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்துகிறீர்கள். அவளை அழித்தது ஹாலிவுட் அல்லவா? நியாயமான கேள்வி. கண்ணாடிச் சுவருக்குப் பின்னிருந்து ஆணையிடும் மனிதரும், காப்பி பிடிக்கவில்லையென்று கைக்குட்டையில் துப்பும் முதலீட்டாளரும், இரவில் மாட்டுத்தொழுவத்தருகே ஆடமுக்கு நல்லொழுக்கம் போதிக்கும் கௌபாயும் டயானின் சாக்குப்போக்குகள். நான் தோற்கவில்லை, சதி நடந்தது என்று சொல்லிக்கொள்ள அவள் படைத்தவர்கள். ஆனால் சாக்குப்போக்குகள் பொய்யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முன்னோட்டப் படத்தை நிறுவனத்திடம் பறிகொடுத்த லிஞ்சுக்கு அந்த அறைகளின் உண்மை தெரியும். ஒருத்தி அநீதிக்குள்ளானவளாகவும் அநீதி இழைத்தவளாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதைத்தான் இப்படம் தாங்கிக்கொள்கிறது. குறியீட்டு வாசிப்பால் அதைத் தாங்க முடிவதில்லை. அது 'ஹாலிவுட் கனவின் சிதைவு' என்று ஒரு தொடரை எழுதிவிட்டுக் கமிலாவின் உடலைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

*

கிளப் சிலென்சியோ காட்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பின்னிரவில், தூக்கத்தில் பிதற்றிய ரீட்டா பெட்டியை அழைத்துச் செல்கிறாள். கனவில் ரீட்டா தானாக எடுக்கும் முதல் முடிவு இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மேடையில் ஒருவர், இங்கே வாத்தியக்குழு இல்லை, கேட்பவை எல்லாம் பதிவு செய்யப்பட்டவை என்று பல மொழிகளில் அறிவிக்கிறார். பிறகு ரெபேக்கா டெல் ரியோ வந்து ராய் ஆர்பிசனின் பாடலை ஸ்பானிய மொழியில், இசைக்கருவி எதுவுமின்றிப் பாடுகிறார். பெண்கள் இருவரும் அழுகிறார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே பாடகி மயங்கி விழுகிறார். பாடல் நிற்கவில்லை.

'எல்லாம் மாயை' என்பதே இதன் பொருள் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. முன்னரே பொய்யென்று அறிவிக்கப்பட்டும் நாம் அழுகிறோம் என்பது உண்மைதான். அது சினிமாவின் வல்லமை. ஆனால் இக்காட்சியைக் காண்பவள் யார் என்று கேட்டால், வேறொன்று தெரிகிறது. ஒரு பெண்ணின் உடல் விழுந்துவிட்டது. அவள் குரல் விழவில்லை. நினைவை அழித்து, பெயரை மாற்றி, கூந்தலை மாற்றி அடக்கி வைத்திருந்த ஒருத்தியின் குரல், உடல் இல்லாத நிலையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்டியின் பையில் நீலப் பெட்டி தோன்றுவது இதற்குப் பின்புதான். வீட்டுக்குத் திரும்பியதும், ரீட்டா சாவியை எடுத்துத் திரும்புவதற்குள் பெட்டி காணாமற்போய்விடுகிறாள். படைத்தவள் முதலில் மறைகிறாள். படைக்கப்பட்டவள் தனியே நின்று சாவியைத் திருப்புகிறாள்.

அந்தச் சாவியைப் பற்றி ஒரு சொல். தம் படங்களுக்கு விளக்கம் தர மறுத்துவந்த லிஞ்ச், இதன் குறுந்தகட்டில் மட்டும் பத்துத் தடயங்களை அச்சிட்டுத் தந்தார். அவற்றை வைத்துக்கொண்டு சிவப்பு விளக்குக்கும் சாம்பற்கிண்ணத்துக்கும் பின்னால் அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் படத்துக்குள்ளேயே நம் அனைவருக்குமான பதில் இருக்கிறது. வேலை முடிந்ததும் இந்தச் சாவியைக் காண்பாய் என்கிறான் கொலையாளி. இது எதைத் திறக்கும் என்று கேட்கிறாள் டயான். அவன் சிரிக்கிறான். கனவில் முக்கோண வடிவில் மர்மமாக மின்னிய சாவி, நனவில் ஒரு சாதாரணச் சாவி. அது எதையும் திறக்காது. ஒரு பெண் இறந்துவிட்டாள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. இது எதைத் திறக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதன் மூலம் அந்த ஒரே பொருளிலிருந்து டயான் தப்பிக்கப் பார்க்கிறாள். நாங்களும் அன்றிரவு மொட்டைமாடியில் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

*

அந்த மாணவியிடம் இப்போது நான் சொல்லக்கூடியவை சில மட்டுமே. கமிலாவை நாம் நேராகப் பார்க்கவே இல்லை. கனவில் காண்பவள் ரீட்டா. நனவுப் பகுதியில் காண்பவளும் டயானின் நினைவில் வருபவளே. டயானை விருந்துக்கு அழைத்துச் செல்லும்போது, இருளில் கைப்பிடித்துப் பாதை காட்டி மேலே ஏற்றுகிறாளே, அந்தப் புன்னகை கொடுமையா, பரிவா என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. டயானின் கண்களே நம் கண்கள். அந்தக் கண்களுக்குக் காயமும் உண்டு, வழக்கும் உண்டு.

ஆனால் டயான் விருந்து மேசையில் தன் வாயால் பிறரிடம் சொன்ன சில செய்திகள் உண்டு. தான் விரும்பிய ஒரு பாத்திரம் கமிலாவுக்குக் கிடைத்தது. பின்னர் கமிலா தன் படங்களில் தனக்குச் சிறு வேடங்கள் கிடைக்க உதவினாள். இவற்றோடு நாம் அறிந்த இன்னொன்று, அவள் வேறொருவரை மணக்க முடிவு செய்தாள் என்பது. வாய்ப்பைப் பெற்றாள், தோழிக்கு உதவினாள், மனம் மாறினாள். இவற்றுள் எதுவும் சாவுக்குரிய குற்றமன்று.

சென்ற பருவத்தில் அகப்பாடல் வகுப்பில், கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இடப்புறம் பொருள், வலப்புறம் குறிப்பு என்று எழுதும் என் பழைய வழக்கத்தை நிறுத்தினேன். தேர்வுக்கு அது உதவும் என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். பதிலாக ஒவ்வொரு பாடலிலும் இரண்டு கேள்விகளை எழுதச் சொல்கிறேன். இதைச் சொல்பவர் யார்? இதில் பேச இடம் கிடைக்காதவர் யார்? இரண்டாவது கேள்வி அந்த மாணவியுடையது. அதை அவர் மொட்டைமாடியில் கேட்டபோது மணி பன்னிரண்டு கடந்திருந்தது. பதில் சொல்லத் தெரியாமல், நேரமாகிவிட்டது என்று சொல்லி நான்தான் முதலில் எழுந்தேன்.